சடையப்பன் கொல்லையில் ஒரு சாமை அறுப்பு

எங்கள் ஊர் கலசப்பாக்கம் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். காலையில் நீலமாக, மத்தியானத்தில் சாம்பலாக, மழைக்கு முன்னால் கறுப்பாக. மழை வருமா என்று தெரிந்துகொள்ள அம்மா வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்ப்பார். அதைப் பார்த்தபடியே வளர்ந்த நான் ஒரு முறைகூட அதில் ஏறியதில்லை. மலையில் எங்களுக்கு உறவும் இல்லை, வேலையும் இல்லை. வேலை இல்லாத இடத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறேன். புதிதாக யாரைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். சொல்லிக்கொள்ளத் தகுந்த விஷயம்தான்.

போன ஐப்பசியில் ஜெயந்தி போன் செய்தாள். பள்ளி விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய். மலைக்காரப் பெண். இப்போது நெல்லிவாசல்நாட்டில், அவள் பிறந்த ஊரிலேயே, தொடக்கப் பள்ளி ஆசிரியை.

"எங்க பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு ஆக்குற முனியம்மா அக்காவுக்குக் கையெல்லாம் வெண்புள்ளி வந்துட்டு கீது. ஒருத்தரு பேத்திய சாப்புட வுட மாட்டன்றாரு. அவரைப் பாத்து இன்னும் ரெண்டு வூடு. திங்கக்கிழம ஆபீஸ்லருந்து விசாரிக்க வர்றாங்க. ஊர் வேணான்னு சொன்னா அக்காவ நிறுத்திடுவாங்க. புருஷன் இல்லாத பொம்பள, அந்த வேலைதான் சோறு. நீ நர்சு. வந்து அவருகிட்ட ரெண்டு வார்த்த சொல்லு."

லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திருப்பத்தூரிலிருந்து மேலே ஏறிய ஜீப்பில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ண முடியவில்லை. ஆட்களுக்கு நடுவே மூட்டைகளும் கோழிகளும் இருந்தன. கூரைமேல் ஒரு கேஸ் சிலிண்டர் உருண்டுகொண்டே வந்தது. ஒரு திருப்பத்தில் வண்டி முக்கி முனகி நின்றது.

"ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க. பொம்பளைங்க உக்காருங்க, நீங்க கனமில்ல" என்றார் டிரைவர்.

என் பக்கத்தில் இருந்த அம்மாள் நல்ல பருமன். "ஏன்டா, என்னப் பாத்தா கனமில்லாதவ மாதிரி கீதா? இரு, நான் எறங்குறன். அப்பறம் பாரு, ஒன் வண்டி தானா ஏறும்" என்று இறங்கினார். வண்டி உண்மையிலேயே ஏறிவிட்டது. அதற்கு மேல் ஊர் போய்ச் சேரும் வரை ஜீப்பில் சிரிப்பு ஓயவில்லை. டிரைவர் மட்டும் சிரிக்காமல், "அடுத்த வாட்டி ஒனக்கு ரெண்டு டிக்கெட்டு" என்றார்.

மேலே போனதும் கூரை திறந்ததுபோல் இருந்தது. எதிரே ஏலகிரி. கீழே சமவெளி முழுவதும் ஏரிகளாகத் துண்டு துண்டாக மின்னியது. நாங்கள் வாழ்நாள் முழுக்க நடந்தும் முடிக்காத ஊர்களெல்லாம் ஒரு கைக்குள் அடங்கிக் கிடந்தன. மேகம் எங்களுக்குக் கீழே போயிற்று. மேகத்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜீப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது பஸ் ஸ்டாண்டு மாதிரி.

ஜெயந்தி வீட்டில் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். களி என்றால் கஷ்டகாலத்துச் சாப்பாடு. இங்கே விருந்தாளிக்குக் களி. இரண்டு உருண்டை தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் ஜெயந்தியோடு பள்ளிக்கூடம் போனேன். சமையல் கொட்டகையில் முனியம்மா அக்கா கிச்சடி கிளறிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பால் தெளித்ததுபோல் வெள்ளை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"மூஞ்சிக்கு வாங்கின பவுடர கையில கொட்டிக்கினேன். மூஞ்சிக்குப் பத்தல, அப்டியே வுட்டுட்டேன்" என்றார்.

அருகில் போய் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தேன். வெண்புள்ளிதான். தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது, கூடச் சாப்பிட்டால் வராது. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற விஷயம்.

பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். சுவரோரம் தட்டில்லாமல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு சிறுமி மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையப்பனின் பேத்தி. அம்மாவும் அப்பாவும் கேரளாவில் தோட்ட வேலை. தாத்தா வீட்டில் வளர்கிறாள். முனியம்மா அக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே பரிமாறினார். அடுப்பிடம் போனபோது மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு அன்று முழுக்க நெஞ்சு எரிந்தது.

சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும் டீக்கடையில் ஊர் கூடும். சடையப்பன் அங்கே இருந்தார். ஒல்லியான ஆள், தலையில் துண்டு, அறுபதுக்குப் பக்கத்தில் வயது. "மாமா, இது என் சிநேகிதி, நர்சு. அப்பறமா வூட்டுக்கு வர்றோம்" என்று ஜெயந்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயா, முனியம்மா அக்காவுக்கு இருக்கிறது தொத்து நோயில்ல. பிள்ளைய பட்டினியா உக்கார வைக்கிறது பாவம்."

"எம்பேத்தி வயித்துல இன்னா போவுதுன்னு நான்தானே பாப்பா பாக்கணும்" என்றார், மெதுவாக. "நீ எந்த ஊரு?"

"கலசப்பாக்கம் பக்கம்."

"ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். பள்ளியில் கேட்டிருக்கிறார்கள், வாடகைக்கு வீடு தேடும்போது கேட்டிருக்கிறார்கள்.

"காலனி" என்றேன், கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த ஓ-வில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. ஊர் முன்னால் அவர் பெயரைச் சொல்லி, ஒரு விதவையின் அடுப்பை அணைக்கப் பார்ப்பவர் என்றேன். வீடியோ எடுத்துப் போட்டால் நாடே காறித் துப்பும் என்றேன். கடைசியில், "படிக்காததனால வர்ற மூடத்தனம்" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா பாப்பா, நான் படிக்கல" என்றார் சடையப்பன். "இந்த மலையில என் வயசுல எவனும் படிக்கல. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடிவாரத்துலருந்து கல்லு சொமந்தது நாங்கதான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

சுற்றிலும் பார்த்தேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. என் அப்பாவும் கைநாட்டு.

சனிக்கிழமை காலையில் மூன்று பெண்கள் ஜெயந்தி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மூவருமே சடையப்பனின் பங்காளி வீட்டு மருமகள்கள். திங்கட்கிழமையிலிருந்து தங்கள் பிள்ளைகளும் சாப்பிட மாட்டார்கள் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நாங்க இன்னா பண்றது நர்சம்மா, வூட்ல சொல்லிட்டாங்க" என்றாள்.

அவர்கள் போனபிறகு ஜெயந்தி என்னோடு பேசாமல் அடுப்பு ஊதினாள். நானாகவே கேட்டேன்.

"ரெண்டு வார்த்த சொல்லச் சொன்னது அவரு காதுல. ஊரு காதுல இல்ல" என்றாள். "இங்க ஒருத்தர நாலு பேர் முன்னாடி பேர் சொல்லிக் குத்தம் சொன்னா, பங்காளிங்க எல்லாம் அவரு பக்கம் வந்து நிக்கணும். சரியோ தப்போ, அது மொறை. நேத்து வரைக்கும் அவரு ஒரு ஆளு. இன்னிக்கு ஒரு கூட்டம்."

எனக்குக் கோபம் வந்தது. "தப்ப தப்புன்னு சொல்றதுக்குக் கூடவா மொறை பாக்கணும்? எங்க ஸ்கூல்ல எங்க தெருப் பிள்ளைங்களுக்கு மட்டும் தண்ணிய ஒசரத்துலருந்து கையில ஊத்துவாங்க, ஒனக்குத் தெரியும். எத்தன பேர் நயமா பேசுனாங்க? ஒண்ணும் ஆவல. புதுசா வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் பிரேயர்ல எல்லாரு முன்னாடியும் கத்துனாங்க. மறுநாளே டம்ளர் கைக்கு வந்துச்சி."

"வந்துச்சி. நான் இல்லன்னு சொல்லலியே" என்றாள். "அந்த டீச்சர் கையில அதிகாரம் இருந்துச்சி. தெனமும் வந்து அங்கயே நின்னாங்க. ஒங்கையில இன்னா கீது? திங்கக்கிழம நீ ஜீப் ஏறிடுவ. செவ்வாக்கிழம அக்காவும் நானும் அவரு மூஞ்சியத்தான் பாக்கணும்."

அவள் சொன்னது முழுவதும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. டம்ளர் என் கைக்கு வந்த அந்த நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மத்தியானம் ஜெயந்தி என்னை முனியம்மா அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை சடையப்பன் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், சாமை அறுப்பு. மலையில் அறுப்புக்குக் கூலி ஆள் கிடையாது. இந்தக் கொல்லைக்கு அவர், அந்தக் கொல்லைக்கு இவர் என்று மாற்றி மாற்றிப் போவார்கள். அரிவாளோடு வந்தவரை வராதே என்று சொல்வதில்லை. அறுத்தவர்களையெல்லாம் ஒரே வரிசையில் உட்காரவைத்துக் கொல்லைக்காரர் தன் கையால் சோறு போட வேண்டும். ஒருவருக்குப் போடாமல் விட்டாலும் அடுத்த வருஷம் மணி பிடிக்காது என்று நம்பிக்கை.

"அக்கா, நாளைக்கு நீ வா" என்றாள் ஜெயந்தி.

"அவன் வூட்டுச் சோத்துக்கு நான் இலை போட்டுக்கினு உக்காரணுமா?" என்றார் முனியம்மா அக்கா. "என் சோத்த அவன் பேத்தி துன்னாதாம். அவன் சோத்த நான் துன்னணுமாம். போடி, வேலயப் பாரு."

"துன்ன வேணாம். அறுத்துட்டுப் போ."

அக்கா எழுந்தார். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து விரலால் கருக்கைத் தடவிப் பார்த்தார். "எங்க அறுப்புக்கு அவன் பொண்டாட்டி காந்தா வந்தா. அதுக்கு நான் போவணும். அவனுக்காக இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா. வாய் மட்டுந்தான் கருக்கா, இல்ல கையுமான்னு பாக்கலாம்" என்றார்.

ஞாயிறு காலை பனியாக இருந்தது. சரிவான கொல்லை, கதிர் முற்றிய சாமை இடுப்புக்குக் கீழே தலை சாய்த்து நின்றது. எங்கள் ஊர் நெல் தண்ணீரில் பிறந்து தண்ணீரில் வளர்வது. இது கல்லும் மண்ணுமான சரிவில், வானம் கொடுத்ததை மட்டும் குடித்து வளர்ந்திருக்கிறது. வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்ததும் சரிவு முழுவதும் தேன் நிறத்தில் எரிந்தது. காற்று வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே அலை. அரிவாளை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"பாத்துட்டே நின்னா அதுவே வந்து கட்டாயிடுமா?" என்றாள் ஒருத்தி.

முனியம்மா அக்கா வரிசையில் வந்து நின்றபோது சடையப்பன் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குனிந்து அறுக்கத் தொடங்கினார். முந்தின நாள் ஜெயந்தி வாசலுக்கு வந்த மூன்று மருமகள்களும் வரிசையில் இருந்தார்கள்.

அரிவாள் பிடிக்கத் தெரியாதவள் அல்ல நான். லீவு நாளெல்லாம் அம்மாவோடு நெல்லறுப்புக்குப் போனவள். ஆனால் சாமையை நெல் மாதிரி இழுத்து அறுத்தால் மணி உதிர்ந்துவிடுகிறது. சடையப்பனின் மனைவி காந்தா பக்கத்தில் வந்து, "தூங்குற புள்ளயத் தூக்குற மாதிரி புடி" என்று காட்டினார். "நர்சம்மாவுக்குக் கை வருதே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மா. இன்னும் நெல்லறுக்கப் போறாங்க."

முன் வரிசையில் சடையப்பன் ஒரு கணம் நிமிர்ந்தார்.

கூழ் குடிக்கப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மோர் விட்ட கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சுட்ட மிளகாய். அதுபோல் ஒரு கூழை நான் எங்கும் குடித்ததில்லை. காந்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"அவரு கெட்ட ஆளு இல்ல நர்சம்மா. பயம். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. ஒடம்புல வெளுப்பா திட்டுத் திட்டா வந்துச்சி. அப்பறம் வெரலுங்க போச்சி. ஊரு சேந்து காட்டோரமா குடிசை போட்டு வுட்டுட்டாங்க. இவரு அப்ப சின்னப் புள்ள. இவருதான் சோறு எடுத்துக்கினு போவாராம். கல்லு மேல வச்சிட்டு ஓடியாந்துடணும்."

சடையப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அடுப்புலருந்து கொள்ளிக்கட்டைய எடுப்பான்" என்றார், திரும்பாமல். "கை வேவும். அவனுக்குத் தெரியாது. கருகுற வாசன வந்தப்பறந்தான் கையப் பாப்பான். நான் தூரத்துல நின்னு பாத்துட்டிருப்பேன்."

டீக்கடையில் நான் சொன்னதெல்லாம் மருத்துவப்படி சரி. ஆனால் எதைப் பார்த்து இந்த மனிதர் பயப்படுகிறார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தை எதுவென்று தெரிந்திருக்கும்.

"அது வேற நோவுங்க" என்றேன். "அதுல அந்த எடம் மரத்துப்போவும். சூடு தெரியாது. அக்காவுக்கு வந்திருக்கிறது அது இல்ல. இதுல எல்லாம் தெரியும்."

"தெரியுமாவா?" என்றார் முனியம்மா அக்கா மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. வெள்ளைக் கையை நீட்டிக் காட்டினார்; மணிக்கட்டில் புதிதாக ஒரு கொப்புளம். "நேத்து ராத்திரி வூட்ல எண்ண தெறிச்சி, செத்துப்போன எங்கம்மாவ ஊரே கேக்கறாப்ல கூப்ட்டேன். மரத்துப்போயிருந்தா சத்தம் போடாம சமைச்சிருப்பேன்."

பெண்கள் சிரித்தார்கள். சடையப்பன் சிரிக்கவில்லை. திரும்பி அந்தக் கொப்புளத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் இன்னொருவரின் கையைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு என்னிடம் கேட்டார்.

"அதுக்கு மருந்து இருந்துச்சா? அப்பவே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருந்திருக்கும்.

"இருந்துச்சிங்க" என்றேன். "மலைக்கு வந்து சேரல. இப்ப ஆஸ்பத்திரியிலயே சும்மா குடுக்குறாங்க. சாப்ட்டா சரியாயிடும். யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்ல."

அவர் தலையசைத்தார். கலயத்தில் மிச்சமிருந்த கூழை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

அறுப்பு சரிவின் அடிவரை வந்துவிட்டது. மலையில் ஒரு வழக்கம்: கொல்லையில் கடைசியாக நிற்கும் பிடியை யார் அறுக்கிறார்களோ, அவர் அதைக் கொல்லைக்காரரின் கையில் கொடுக்க வேண்டும். கொல்லைக்காரர் இரண்டு கைகளாலும் வாங்கி வீட்டு விட்டத்தில் கட்டுவார். கொடுத்தவருக்குத்தான் முதல் இலை. வழக்கமாகப் பங்காளி வீட்டு மருமகள்கள் அதற்குப் போட்டி போட்டு ஓடுவார்களாம். ஜெயந்தி என்னிடம் இதை அறுத்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு யாரும் ஓடவில்லை.

முதலில் ஒருத்தி காலில் முள் என்று உட்கார்ந்தாள். அடுத்தவள் அரிவாள் மழுங்கிவிட்டது என்று கல்லில் தீட்டப் போனாள். மூன்றாமவளுக்குத் திடீரென்று தாகம். இன்னொருத்தி அவிழாத கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். மூன்று மருமகள்களும் இதில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளும் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவள் விரல்களின் பிடியில் தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் அறுத்துக்கொண்டே போன முனியம்மா அக்கா நிமிர்ந்தபோது எதிரே ஒரே ஒரு பிடி நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

மலையைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து வாய் பிளந்ததெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில் பேச முடியாத பெண்கள் ஒரு கொல்லைக்குள் நின்று, ஓசையில்லாமல் செய்த இந்த வேலைதான் அந்த மலையில் நான் பார்த்த பெரிய காட்சி.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பிடியை, தூங்குகிற பிள்ளையை எடுப்பதுபோல் அறுத்தார். இரண்டு வெள்ளைக் கைகளிலும் ஏந்தி நின்றார்.

சடையப்பன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். தலைத் துண்டை அவிழ்த்து இரண்டு கைகளிலும் விரித்தார். துண்டில் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு வெறுங்கைகளை நீட்டினார்.

விரல்கள் பட்டன. எல்லோரும் பார்த்தோம்.

தேக்கிலையில் சாப்பாடு. போன வருஷத்துச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. முதல் இலை முனியம்மா அக்காவுக்கு, அடுத்தது எனக்கு. அக்கா துன்ன மாட்டேன் என்று சொன்னவர். இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சடையப்பன் கையால் அள்ளி வைத்துக்கொண்டு வந்தார். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். என் இலைக்கு வந்தபோது கை தயங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோ நர்சம்மா, நீயும் அறுத்தவதானே" என்றார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "அக்கா, அவரு ஒங்ககிட்ட ஒரு மன்னிப்புக்கூட கேக்கலியே."

"அத வாங்கி இன்னா பண்றது? அடுப்புல வச்சா எரியுமா?" என்றார் முனியம்மா அக்கா. சிறிது தூரம் நடந்தபிறகு, "கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அக்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஜெயந்தி என்னிடம் சொன்னாள்: "நீ திட்டுனதும் வீண் போவல. அதுவரைக்கும் அவரு கோவம் அக்கா மேல இருந்துச்சி. அப்பறம் ஒம்மேல வந்துடுச்சி. அக்காவுக்குக் கொஞ்சம் எடம் கெடச்சிது." அது பாராட்டா குத்தலா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.

திங்கட்கிழமை காலை உப்புமா. பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெயந்தியும் நானும் அவர்களோடு உட்கார்ந்தோம். மருமகள்களின் பிள்ளைகளும் சுவரோரத்து மற்ற இருவரும் தட்டைக் கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள். கடைசியாகச் சடையப்பனின் பேத்தி வந்தாள். நேராக முனியம்மா அக்காவிடம் போய்த் தட்டை நீட்டினாள். வேலிக்கு வெளியே அவள் தாத்தா நின்றுகொண்டிருந்தார். மடியிலிருந்த தட்டுகளெல்லாம் முன்னால் வந்தன.

விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண். மர நிழலில் நாற்காலி போட்டார்கள். ஊர் வந்து உட்கார்ந்தது. "இந்தச் சமையல் அம்மாவைப் பத்தி யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்ப சொல்லலாம்" என்றார்.

பங்காளிகள் அத்தனை பேரும் சடையப்பனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

ஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். சமையல் கொட்டகை வாசலில் முனியம்மா அக்கா கரண்டியோடு நின்றார்.

"ஒரு கொறை கீது மேடம்" என்றார் சடையப்பன். "உப்புமாவுல உப்பு பத்தல. அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

"நீங்க சாப்ட்டுப் பாத்தீங்களா?"

"பேத்தி தட்டுலருந்து துன்னு பாத்தேன். துன்னாம எப்டிங்க சொல்றது?"

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல. அது மட்டுந்தான்." உட்கார்ந்துவிட்டார். பங்காளிகள் ஒவ்வொருவராக, ஆமாம், உப்பு கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும் என்றார்கள்.

"நாளைக்கு நீயே வந்து போடு. உப்பு டப்பா எங்க கீதுன்னு காட்டுறேன்" என்றார் முனியம்மா அக்கா கொட்டகையிலிருந்து. ஊர் சிரித்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார்.

அந்த உப்புமாவை நானும் சாப்பிட்டிருந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.